ஃபுல்லுனு சொன்னது யாரு?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை வைக்கலை. கடையை மூடிட்டியான்னு கேட்டு ரெண்டு பேர் தனிமடல் போட்டிருந்தாங்க. அந்த ரெண்டு பேருக்கும் இந்தப் பதிவு சமர்ப்பணம். (மத்தவங்க நிம்மதியா இருந்திருக்கீங்கன்னு தெரியுது, ஹி ஹி.)

டிஸ்கியை முன்னாடியே போட்டுடறேன். இது பாதி குடும்பக் கதை, பாதி வோல்ட் கணக்கு. வோல்ட் பிடிக்காதவங்க கதையை மட்டும் படிச்சுட்டுப் போகலாம். ஆனா எங்க வீட்டுல கதை நடந்ததே அந்த வோல்ட்டாலதான், அதனால முழுசா பிரிக்க முடியலை.

மூணு வருஷம் முன்னாடி, தங்கமணி வேண்டாம் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம, ஒரு பழைய 22 அடி ட்ரெய்லர் வாங்கினேன். வண்டிக்குப் பின்னாடி இழுத்துக்கிட்டுப் போற வீடு. உள்ள கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. இதை ஆர்.வி.ன்னு சொல்லுவாங்க. வித்தவர் கூரை மேல 160 வாட் சோலார் பேனல் ரெண்டு, உள்ள சுவத்துல ஒரு சார்ஜ் கண்ட்ரோலர், முன்னாடி மூக்குல 6 வோல்ட் கோல்ஃப் கார்ட் பேட்டரி ரெண்டு எல்லாம் மாட்டியே கொடுத்திருந்தார். ரெண்டையும் தொடரா இணைச்சா 12 வோல்ட், 220 ஆம்பியர்-மணி. கண்ட்ரோலர்ல ஒரு சின்ன திரை. அதுல ஒரு பேட்டரி படம். வெயில் வந்தா படத்துல கோடு கோடா ஏறும். ஏறி முடிச்சா பச்சை விளக்கு எரியும். எனக்கு அது போதும். மதியம் ஒரு மணிக்கே பச்சை வந்துடும். "பாத்தியா, ஒரு மணிக்கே ஃபுல்லு!"ன்னு தங்கமணிகிட்ட பெருமை அடிச்சிருக்கேன். அதை நினைச்சா இப்பவும் கூச்சமா இருக்கு.

2023 டிசம்பர்ல அப்பாவும் அம்மாவும் ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க. அப்பா போக்குவரத்துக் கழக டிப்போ ஒண்ணுல எலக்ட்ரீஷியனா இருந்து ரிடையர் ஆனவர். வந்ததுலேர்ந்து வீட்டுக்குள்ளயே உக்காந்து பைத்தியம் பிடிக்குதுன்னார். சரி, கிறிஸ்மஸ் லீவுல நாலு நாள் கூட்டிட்டுப் போகலாம்னு கிளம்பினோம். பீனிக்ஸ்லேர்ந்து மேற்கே ரெண்டு மணி நேரம் போனா க்வார்ட்ஸைட்னு ஒரு பாலைவன ஊர். வெயில் காலத்துல ஈ கூட இருக்காது. குளிர் காலத்துல வடக்கேர்ந்து பனிக்குப் பயந்து வர்ற தாத்தா பாட்டிகளோட ட்ரெய்லர்கள் ஆயிரக்கணக்குல நிக்கும். ஊருக்குத் தெற்கே லா போசான்னு பெரிய பொட்டல், மத்திய அரசு நிலம். கரண்ட் கிடையாது. அவங்கவங்க பேட்டரி, அவங்கவங்க வெயில்.

போன அன்னிக்கு அப்பாவை ஊர்க் கல்லறைக்குக் கூட்டிட்டுப் போனேன். 1850-கள்ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துல சுமை தூக்க ஒட்டகங்களை இறக்குமதி பண்ணினப்போ அதுங்களை மேய்க்க வந்தவர் ஹாஜி அலின்னு ஒருத்தர். பேர் வாயில நுழையாம 'ஹை ஜாலி' ஆக்கிட்டாங்க. 1902-ல இங்கேயே இறந்துட்டார். கல்லாலேயே ஒரு பிரமிட் கட்டி உச்சியில ஒட்டகம் வெச்சிருக்காங்க. அப்பா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு, "பாவம், ஒட்டகத்துக்கு டிரைவரா வந்தவர்"னார். டிப்போ ஆள் இல்லையா!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அப்பாவுக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி இருக்கு. ஸ்லீப் ஏப்னியான்னு சொல்லுவாங்க. ராத்திரி முகமூடி மாட்டி, 'சீ-பாப்'ங்கிற மெஷின் காத்தை அழுத்திக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். ஊர்லேர்ந்து அதையும் கொண்டு வந்திருந்தார். பேட்டரியில இன்வெர்ட்டர் மாட்டி, அதுல மெஷினை மாட்டினேன். கணக்கெல்லாம் போட்டுத்தான் செஞ்சேன். மெஷினுக்கு மணிக்கு நாலு ஆம்பியர், எட்டு மணி நேரத்துக்கு 32. ஹீட்டர் ஃபேன், விளக்கு, தண்ணி மோட்டார்னு இன்னொரு 25. மொத்தம் 57. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாதும்பாங்க. 220-ல பாதி 110. மறுநாள் வெயில்ல திரும்ப ஏறிடும். என்ன பிரச்சினை வரும்?

மூணாவது ராத்திரி மூணு மணி பத்து நிமிஷத்துக்கு வந்தது. "பீ...ஈ...ஈ"ன்னு இன்வெர்ட்டர் கத்திச்சு. நான் எழுந்து விளக்கைப் போட்டா அது மங்கலா எரியுது. மெஷின் நின்னுடுச்சு. அப்பா முகமூடியைக் கழட்டிட்டு முழிச்சு உக்காந்திருந்தார். "ஒண்ணும் இல்லடா, நீ போய்ப் படு"ன்னார். உக்காந்த வாக்குல தூங்கினா கொஞ்சம் பரவாயில்லைன்னு சாப்பாட்டு மேஜை பெஞ்சுல தலகாணி வெச்சு சாய்ச்சு உக்கார வெச்சோம். அஞ்சு நிமிஷத்துல தூங்கிட்டார். குறட்டை. அப்புறம் குறட்டை நின்னுது.

மெஷின் வர்றதுக்கு முன்னாடி அப்பா தூங்கி நான் பக்கத்துல உக்காந்து பாத்ததே இல்லை. நின்ன மூச்சு வரலை. மனசுக்குள்ள எண்ண ஆரம்பிச்சேன். பத்து. பதினஞ்சு. இருபது. இருபத்தி மூணுல அம்மா கையை நீட்டி அவர் தோளை லேசா ஒரு தட்டு தட்டினாங்க. 'ஹக்'குனு ஒரு பெரிய மூச்சு வந்தது. அவர் முழிக்கவே இல்லை.

"எவ்வளவு நேரம்மா இப்படியே?"ன்னேன்.

"மெஷின் வர்ற வரைக்கும் தினம் இதான்ப்பா. இருபதுக்கு மேல போனா தட்டுவேன்"னாங்க.

எத்தனை வருஷமாம்மான்னு நான் கேக்கலை. கேக்கத் தைரியம் வரலை.

ஜெனரேட்டர் என்கிட்ட இல்லை. ஜம்பர் கேபிள் வீட்டுக் கராஜுல பத்திரமா இருந்தது. கடைசியில ட்ரக்கைப் பின்னாடி எடுத்து ட்ரெய்லர் மூக்குல ஒட்டி நிறுத்தி, விளக்குக்கும் பிரேக்குக்கும் மாட்டுற ஏழு பின் கேபிளை மாட்டி எஞ்சினை ஓட விட்டேன். அந்தக் கேபிள்ல பேட்டரிக்கும் ஒரு கம்பி உண்டு. ஒல்லி கம்பி, சில ஆம்பியர்தான் வரும். வெளிய நாலு டிகிரி. புகை உள்ள வராம அந்தப் பக்க ஜன்னலை எல்லாம் மூடினேன். இருபது நிமிஷம் கழிச்சு இன்வெர்ட்டர் உயிர் வந்து மெஷின் ஓடிச்சு. அப்பா முகமூடி மாட்டிப் படுத்துட்டார். அம்மாவும் நானும் படுக்கலை.

விடிஞ்சதும் அப்பா கேட்ட முதல் கேள்வி: "பேட்டரி எங்கடா இருக்கு?"

எனக்கு உள்ளுக்குள்ள ஒரு எண்ணம். இது சோலார், மைக்ரோ கண்ட்ரோலர், மூணு ஸ்டேஜ் சார்ஜிங்னு வேற உலகம், பஸ் பேட்டரி பாத்தவருக்கு என்ன தெரியப் போகுதுன்னு. சொல்லலை, ஆனா மூஞ்சில எழுதி ஒட்டியிருந்திருக்கும். கறுப்புப் பெட்டியைத் திறந்து காட்டினேன். மூடியைக் கழட்டி டார்ச் அடிச்சுப் பாத்தார்.

"தண்ணி எப்ப ஊத்தின?"

"ஊத்தணுமா?"

அவர் ஒண்ணும் சொல்லலை. முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படிப்பட்ட ஆளுங்களை நிறைய பாத்திருப்பார் போல. "கிராவிட்டி பாக்கற குழாய் இருக்கா?"ன்னார். இல்லைன்னேன். "அப்ப ஃபுல்லுன்னு யாரு சொன்னது?"

திரையைக் காட்டினேன்.

"அது அதோட வேலை முடிஞ்சுதுன்னு சொல்லுது. பேட்டரி ரொம்பிடுச்சுன்னு பேட்டரிதான்டா சொல்லணும்."

ஊருக்குள்ள போய் ஹைட்ரோமீட்டர் ஒண்ணு, டிஸ்டில்ட் வாட்டர் ரெண்டு கேலன், கண்ணாடி, கையுறை வாங்கிட்டு வந்தோம். ரப்பர் குமிழை அமுக்கி ஆசிட்டை உறிஞ்சினா உள்ள மிதவை எவ்வளவு மிதக்குதுன்னு பாத்து அடர்த்தி சொல்ற குழாய் அது. பேட்டரி கம்பெனித் தாளைக் கைபேசியில தேடி எடுத்தேன். ஃபுல்லுன்னா 1.277 இருக்கணும்னு போட்டிருந்தது. அப்பாவுக்கு நம்பிக்கை வரலை. "நம்மூர்ல பன்னெண்டு நாப்பது, அம்பது இருந்தாலே ஃபுல்லுதான்"னார். அதுவும் சரிதான். வெப்ப நாட்டு பேட்டரிகள்ல ஆசிட்டைக் கொஞ்சம் நீர்க்க ஊத்துவாங்க, சூட்டுல தட்டு சீக்கிரம் அரிக்காம இருக்க. குளிர் நாட்டுக்கு அடர்த்தி ஜாஸ்தி.

எங்க பேட்டரியில அஞ்சு செல் 1.150 பக்கம். ஒண்ணு 1.125. தாள் படி பாதி சார்ஜுக்கே 1.172 வேணும். சார்ஜ் பாதிக்கு ரொம்பக் கீழ இருந்தது.

இப்ப வோல்ட் கணக்கு. கல்யாணப் பந்தி மாதிரி நினைச்சுக்கோங்க. 12 வோல்ட்டுக்கு ஆறு செல், அதாவது ஆறு இலை. முதல்ல வாளியைத் தூக்கிட்டு ஓடி ஓடி எல்லா இலையிலயும் கொட்டறது 'பல்க்'. பேனல் கொடுக்கறதை எல்லாம் பேட்டரி வாங்கும், வோல்ட் ஏறிக்கிட்டே போகும். ஒரு அளவுக்கு வந்ததும் கண்ட்ரோலர் வோல்ட்டை அங்கேயே பிடிச்சு நிறுத்தும். இது 'அப்சார்ப்ஷன்', சில கண்ட்ரோலர்ல 'பூஸ்ட்'னு பேர். மெதுவா நடந்து, யாருக்கு என்ன வேணும்னு கேட்டுக் கேட்டுப் பரிமாறற நேரம். கடைசி 15-20 சதவீதம் இங்கதான் ஏறும், மணிக்கணக்குல ஆகும். எல்லாரும் போதும்னதும் மோர் வாளியோட சும்மா நிக்கறது 'ஃப்ளோட்'. நாம செட் பண்ண வேண்டியது, ரெண்டாவது கட்டத்துல எந்த வோல்ட்ல நிக்கணும், எவ்வளவு நேரம் நிக்கணும்ங்கறதுதான். அந்த எண்ணைக் குறைச்சு வெச்சா ஓரத்து இலைக்குச் சாம்பார் வர்றதுக்குள்ள பந்தி முடிஞ்சுதுன்னு விளக்கை அணைச்சுடுவான். திரையில பச்சை!

என் கண்ட்ரோலர்ல பேட்டரி வகை 'சீல்ட்'னு இருந்தது. பெட்டியிலேர்ந்து வந்தப்போ இருந்த செட்டிங், வித்தவரும் தொடலை, நானும் தொடலை. சீல்டுன்னா 14.4 வோல்ட், ரெண்டு மணி நேரம். ஆனா என்னது தண்ணி ஊத்தற பேட்டரி. அதோட தாள் கேக்கறது 14.8.

0.4 வோல்ட்தானேன்னு நினைச்சேன். அப்பா விடலை. "கண்ட்ரோலர் எங்க இருக்கு, பேட்டரி எங்க இருக்கு?"ன்னார். ஒண்ணு ட்ரெய்லர் நடுவுல, ஒண்ணு மூக்குல. போக வர 24 அடி கம்பி, பத்து கேஜ். மல்டிமீட்டர் எடுத்து ரெண்டு பக்கமும் அளந்தோம். பத்து ஆம்பியர் ஓடறப்போ கண்ட்ரோலர்ல 14.4, பேட்டரி முனையில 14.15. கால் வோல்ட்டைக் கம்பியே தின்னுடுச்சு.

மூணாவது கோளாறுதான் எனக்கு ரொம்ப வலிச்சது, ஏன்னா அது என் படிப்புல வர்ற விஷயம். ஈய பேட்டரி குளிர்ல சோம்பேறி. 25 டிகிரிக்குக் கீழ ஒவ்வொரு டிகிரிக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு சுமார் 0.03 வோல்ட் கூட்டிக் கொடுக்கணும். கண்ட்ரோலருக்கு இந்தக் கணக்கு தெரியும். ஆனா பேட்டரியில ஒட்டற வெப்ப சென்சார் ஒயரை யாரும் மாட்டலை. அதனால அது தான் இருக்கற இடத்துச் சூட்டையே பேட்டரி சூடுன்னு நினைச்சுக்கிச்சு. அது இருந்தது ஹீட்டர் ஓடற அறையில, 22 டிகிரியில. பேட்டரி இருந்தது வெளிய, காலையில அஞ்சு டிகிரியில. 25 டிகிரியிலேர்ந்து பாத்தா பேட்டரிக்கு வித்தியாசம் 20 டிகிரி, அதாவது 0.6 வோல்ட். ஆக அந்தக் குளிருக்கு பேட்டரி கேட்டது 15.4. போய்ச் சேர்ந்தது 14.15. ஒரு வோல்ட்டுக்கு மேல பட்டினி.

அப்ப ஏன் மதியம் ஒரு மணிக்கே பச்சை வந்தது? அதையும் அப்பாதான் சொன்னார். தினமும் அரைகுறையா சார்ஜ் ஆன பேட்டரியில தட்டுல படியற ஈய சல்ஃபேட் கரையாம கெட்டியாகும். அப்படிப் படிஞ்ச பேட்டரிக்குள்ள இடம் கம்மி. கொஞ்சம் ஊத்தினதும் வோல்ட் மளமளன்னு ஏறும், இறக்கினா அதே வேகத்துல இறங்கும். "சீக்கிரம் ஏறுதுன்னா நல்ல பேட்டரின்னு நெனைக்காத. வயிறு சுருங்கினவன் ரெண்டு இட்லியில எழுந்துடுவான்." நான் தங்கமணிகிட்ட பெருமை அடிச்சது வியாதியோட அறிகுறியைப் பாத்து!

தட்டு மூழ்கற அளவுக்கு மட்டும் முதல்ல தண்ணி ஊத்தினோம். முழுசா ஊத்தறது சார்ஜ் ஏறின பிறகுதான், இல்லேன்னா ஏறும்போது பொங்கி வழியும். ராத்திரி ட்ரக் சத்தம் கேட்டுட்டு, எல்லாம் நல்லா இருக்கான்னு விசாரிக்க வந்த பக்கத்து ட்ரெய்லர் மின்னசோட்டா தாத்தா, கதையைக் கேட்டுட்டு ஒரு வார்த்தை பேசாம தன் ஜெனரேட்டரைத் தள்ளிட்டு வந்து வெச்சார். ட்ரெய்லரோட சொந்த சார்ஜர் 13.6 வோல்ட்தான் கொடுக்கும். அதால முழுசா ஏத்த முடியாது, ஆனா காலையில பசியா இருக்கற பேட்டரிக்கு முதல் வாளி போட அது போதும். மிச்சத்தை வெயில் பாத்துக்கிச்சு. ஜெனரேட்டர் வெச்சிருக்கறவங்க இதைக் குறிச்சுக்கோங்க: ஜெனரேட்டர் காலையில, சோலார் மதியம். மாத்திச் செஞ்சா கடைசி ரெண்டு ஆம்பியருக்காக நாள் பூரா பெட்ரோல் எரியும்.

அப்பா ஏணி போட்டுக் கூரை மேல ஏறாத குறை. பேனல் தட்டையாப் படுத்திருக்கு. டிசம்பர் கடைசியில அங்க நடு மதியத்துலயே சூரியன் 33 டிகிரி உயரத்துலதான் நிக்கும். தட்டையான பேனலுக்குப் பாதி வெயில்தான் கிடைக்கும். கட்டை வெச்சு ஒரு பக்கம் தூக்கித் தெற்கே பாக்க வெச்சோம். ஆம்பியர் கண்ணு முன்னாடியே ஏறிச்சு.

அப்புறம் செட்டிங். 'யூசர்' வகைக்கு மாத்தி நான் போட்டது இதுதான். தண்ணி ஊத்தற பேட்டரிக்கு மட்டும், 25 டிகிரி கணக்குல:

அப்சார்ப்ஷன் 14.8 வோல்ட். நேரம் ரெண்டுலேர்ந்து மூணு மணி.

ஃப்ளோட் 13.5.

வெப்ப ஈடு, செல்லுக்கு டிகிரிக்கு 5 மில்லிவோல்ட். சென்சார் ஒயர் கூடவே ஒட்டணும். அது வந்து சேர்ற வரைக்கும், மதியம் பேட்டரி 15 டிகிரியில இருந்ததால, நானே 0.3 கூட்டி 15.1 போட்டேன். ஊர் திரும்பினதும் மறக்காம குறைச்சேன்.

ஈக்வலைஸ் 15.5. இது தானா ஓடாம அணைச்சு வெச்சேன், தேவைப்படறப்போ கையால மட்டும்.

இறக்கத்துக்கு வெட்டு, 11.1-லேர்ந்து 11.8. 11.1 வரைக்கும் விட்டா பேட்டரி கிட்டத்தட்ட காலி.

ஒரு குறிப்பு: என்னுது மாதிரி கண்ட்ரோலர்கள்ல இந்த எண்கள் இறங்கு வரிசையில இருக்கணும். மேல் வரம்பை விட ஈக்வலைஸ் குறைவா, அதை விட அப்சார்ப்ஷன் குறைவா, அதை விட ஃப்ளோட் குறைவா. ஒண்ணு முறை தவறினாலும் ஏத்துக்காது, ஏன்னும் சொல்லாது. அரை மணி நேரம் நான் அதோட சண்டை போட்டேன். அப்பா டீ குடிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்தார்.

நாலு நாள் ட்ரிப்பை ஆறு நாளா நீட்டினோம். மூணாவது ராத்திரிக்கு அப்புறம் மெஷின் நிக்கலை. மின்னசோட்டா தாத்தா ஜெனரேட்டரைத் திருப்பி வாங்கவே மாட்டேன்னுட்டார், கிளம்பற வரைக்கும் வெச்சுக்கச் சொன்னார். ஆனாலும் நான் மூணு மணிக்குத் தானா முழிச்சுக்கிட்டேன். மெஷினோட 'உஷ்...உஷ்' சத்தம் கேட்டதும்தான் திரும்பக் கண்ணை மூட முடிஞ்சுது. எதிர்ப் பக்கம் அம்மாவும் முழிச்சுத்தான் இருந்தாங்க. பழக்கம்.

அஞ்சாம் நாள் கிராவிட்டி 1.240. அப்சார்ப்ஷன் முடியறப்போ ஆம்பியர் மூணுக்குக் கீழ வந்துடுச்சு. 220 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அந்த அளவுக்கு இறங்கினா போதும், அது வாங்கறதை நிறுத்திடுச்சுன்னு அர்த்தம். ஆனா ஒரு மணி நேர இடைவெளியில மூணு தடவை பாத்தும் கிராவிட்டி ஏறலை. ஆறாம் நாள், உள்ள இருந்த விளக்கு, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் அணைச்சுட்டு, அடுப்பு பத்த வைக்காம, மூடி திறந்து வெச்சு, மூணு மணி நேரம் ஈக்வலைஸ் பண்ணினோம். வாயு வரும், அதுல ஹைட்ரஜன் இருக்கும், அதனால பக்கத்துல நெருப்பே கூடாது. ஊர்ல ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பேதி மருந்து கொடுப்பாங்களே, அது மாதிரி வைத்தியம் இது. வாரா வாரம் கொடுத்தா ஆளே காலி. சீல்ட், ஏ.ஜி.எம்., ஜெல், லித்தியம் பேட்டரிகளுக்கு இதைத் தொடவே தொடாதீங்க.

கடைசியில அஞ்சு செல் 1.265-க்கு வந்தது. அந்த ஆறாவது 1.245-லேயே நின்னுடுச்சு. (குளிர்ல பாக்கறப்போ 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் 0.004 கழிக்கணும். கழிச்சுத்தான் சொல்றேன். "நாங்க கூட்டித்தான் பழக்கம்"னார் அப்பா.) அந்த ஒண்ணு இனிமே வராதுன்னும் அவரே சொன்னார். "இத்தனை மாசம் பட்டினி போட்டிருக்க. மத்தது எந்திரிச்சதே பெருசு."

லித்தியத்துக்கு மாறிடுன்னு நண்பர்கள் சொல்றாங்க. இப்ப நிறைய பேர் மாறிட்டாங்க, அதுவும் நல்லதுதான். ஆனா எண்ணைப் பாக்காம தப்பிக்கலாம்னு நினைச்சு மாறாதீங்க. அதுக்கும் தனி எண்கள் உண்டு. பொதுவா 14.2-லேர்ந்து 14.6 வரைக்கும், வெப்ப ஈடு பூஜ்யம், ஈக்வலைஸ் கிடையாது, பேட்டரி பூஜ்யம் டிகிரிக்குக் கீழ இருந்தா சார்ஜே பண்ணக் கூடாது. எந்த பேட்டரியா இருந்தாலும் அதோட தாளைத் தேடி எடுத்து, கண்ட்ரோலர்ல இருக்கற எண்ணோட ஒரு தடவை ஒப்பிட்டுப் பாருங்க. பத்து நிமிஷ வேலை. நான் மூணு வருஷம் செய்யலை.

மார்ச்ல அப்பாவும் அம்மாவும் ஊருக்குத் திரும்பிட்டாங்க. முன்னெல்லாம் ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா அப்பா ரெண்டு வார்த்தை பேசுவார், "சாப்பிட்டியா, இந்தா அம்மாகிட்ட பேசு." இப்ப முதல் கேள்வியே "கிராவிட்டி எவ்வளவு?" பாக்காம இருந்தா பொய் சொல்ல முடியாது, ஆறு செல்லுக்கும் தனித்தனியா கேப்பார். அதனால சனிக்கிழமை சாயந்திரம் குழாயை எடுத்துக்கிட்டு ட்ரெய்லர் மூக்குல குனிஞ்சு நிக்கறேன். தங்கமணி ஜன்னல் வழியா பாத்து சிரிக்கறா. போன வாரம் அந்த ஆறாவது செல் 1.235. சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"சரி, அடுத்த தடவை நான் வர்றப்போ மாத்திக்கலாம்"னார்.

பி.கு: மெஷினுக்குன்னு தனியா ஒரு சின்ன லித்தியம் பேட்டரி வாங்கிட்டேன். ட்ரெய்லர் பேட்டரி என்ன ஆனாலும் அது ஒரு ராத்திரி தாங்கும். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது இந்த மாதிரி மெஷினோட வெளிய தங்க வந்தா, முதல்ல இதைச் செய்ங்க, வோல்ட் கணக்கை அப்புறம் பாக்கலாம். ஜம்பர் கேபிளும் இப்ப ட்ரக்குலயேதான் இருக்கு.